தலைமாட்டுக் கம்பி

காலை ஏழே முக்கால் மணி. லிப்ட் இன்னும் வரவில்லை. நான் நோயாளி வண்டியின் கால்மாட்டில் நின்றேன். முதலில் என் கண்ணில் பட்டது மதாம் ஆனெட்டின் வலது கை. சத்திரசிகிச்சைக்குப் போகும் தகப்பனின் நெற்றியில் முத்தமிடத் தலைமாட்டுப் பக்கம் போனவர், கம்பியைப் பிடிக்க நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தியிருந்தார். விரல்கள் விரிந்தபடி அந்தரத்தில் நின்றன. முகத்தில் இரத்தம் இல்லை.

அவர் எதைப் பார்க்கிறார் என்பது நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. லிப்டின் எஃகுக் கதவில் பார்த்தேன். கதவில் வண்டியின் பின்புறம் மங்கலாகத் தெரிந்தது. நோயாளியின் தலைக்குப் பின்னால் கம்பியில் பொருத்திய வெள்ளைத் தகட்டில் சிவப்பாக ஒரு ஸ்வஸ்திகா.

செய்தி எழுதிப் பழகிய கை நேரத்தையும் இடத்தையும் முதலில் எழுதிவிடுகிறது. மற்றதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையொருத்தி ஒரு கேள்வி கேட்டாள். பாரிஸ் புறநகரான பியர்ஃபித்தில் பிறந்து வளர்ந்தவள். அரைவாசி பிரெஞ்சிலும் அரைவாசி தமிழிலும் பேசுவாள். மாமா என்பதற்கு 'தொந்தோன்' என்பாள்.

"தொந்தோன், ஒவ்வொரு தரமும் ஏன் கம்பிக்குப் பின்னால கைவைச்சுத் தடவுறீங்கள்? சுவிங்கம் தேடுறீங்களா?"

பழக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். அது பதிலல்ல. இது பதில்.

ஊரில் நான் பத்திரிகைக்காரன். நீதிமன்றச் செய்திகள் எழுதினேன். எண்பத்து மூன்று ஜூலையில் கொழும்பில் இருந்தேன். அடுத்த ஆண்டு பாரிஸில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். அதற்கடுத்த ஆண்டு, கார் து நோர் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு மருத்துவமனையில் நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளும் வேலை கிடைத்தது. அந்த வேலைக்குப் பிரெஞ்சில் ஒரு நீளமான பெயர் உண்டு. நாங்கள் 'வண்டி வேலை' என்போம்.

எங்கள் தலைவர் மிசியே சவரி. பாண்டிச்சேரிக்காரர், கத்தோலிக்கர், பிரெஞ்சுப் படையில் சார்ஜன்டாக இருந்து வந்தவர். காலையில் எங்கள் சப்பாத்தைத்தான் முதலில் பார்ப்பார், முகத்தை அல்ல. குரலை உயர்த்தமாட்டார். அவர் கோபமாக இருக்கிறார் என்றால் இன்னும் மெல்லப் பேசுவார். நாங்கள் குனிந்து கேட்கவேண்டியிருக்கும். முதல் நாள் நான் எல்லாவற்றுக்கும் "ஓம் ஐயா" என்றேன்.

"இன்னா தம்பி, காலங்காத்தால மந்திரம் சொல்றீங்க? 'உய் ஷெஃப்'னு சொல்லுங்க, போதும்."

பிறகு வெறும் வண்டியொன்றைக் காட்டி, "படுங்க" என்றார். படுத்தேன். அவரே தள்ளினார். நீண்ட நடைபாதை, இரண்டு திருப்பங்கள், லிப்ட், நிலக்கீழ் வழி. விளக்குகள் முகத்துக்கு மேலே ஓடின. யாரோ தலைக்குப் பின்னால் சிரித்தார்கள். திரும்பிப் பார்க்க முடியவில்லை. கதவொன்று எங்கோ இடித்தது. திரும்பி வந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னா தெரிஞ்சிது?"

"மேல்தட்டு. மற்றது, ஆட்களின் தாடைகள்."

"மனுஷ மூஞ்சி?"

"இல்லை."

"அவ்ளோதான் பாடம்" என்று போய்விட்டார்.

மிச்சத்தை வேலையில்தான் கற்றேன். தொடுமுன் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லவேண்டும். நோயாளியின் பார்வையில் நம்மில் ஒருவராவது எப்போதும் நிற்கவேண்டும். அவர் தலைக்குப் பின்னால் நின்று யாரும் யாரோடும் கிசுகிசுக்கக் கூடாது. அவர் ஏதாவது கேட்டால், தெரிந்ததைச் சொல்லவேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லவேண்டும். பொய் மட்டும் கூடாது. இந்தக் கடைசி விதியை மிசியே சவரி ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்று அப்போது விளங்கவில்லை.

எண்பத்தாறு ஒக்டோபரில் மிசியே சில்பர் வந்தார். போலந்தில் பிறந்த யூதர், தையற்காரர். ரூ காய் தெருவில் எங்கள் தமிழ்க் கடைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இரண்டு தெரு தள்ளி அவர் கடை இருந்தது. வயிற்றில் ஓடும் பெரிய இரத்தக்குழாய் வீங்கி, வலிக்கத் தொடங்கியிருந்தது. மறுநாள் காலையே வெட்டவேண்டும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லிவிட்டார். தாதி எங்களைத் தனியே கூப்பிட்டு எச்சரித்தா: குலுக்கக் கூடாது, திடுக்கிட வைக்கக் கூடாது, இரத்த அழுத்தம் ஏறினால் குழாய் வெடிக்கும், வெடித்தால் மேசை வரை கொண்டுபோக நேரம் இராது. பயமே ஆளைக் கொல்லக்கூடிய நோயாளி ஒருவரை அன்றுதான் முதன்முதலில் தள்ளினேன்.

மாலையில் எக்ஸ்ரே எடுத்துத் திரும்பக் கொண்டுவரும்போது அவர் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்கள் ரூ காய் ஆட்களா? உங்கள் ஆட்கள் வந்தபிறகு எனக்கு வேலை கூடிவிட்டது. எல்லோருக்கும் காற்சட்டை நீளம்."

"நாட்டுக்கேற்ற கால் இல்லை, மிசியே."

மெல்லச் சிரித்தார். ஏன் வந்தாய் என்று கேட்டார். நான் இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள் என்றேன்.

"யார்? அயலவர்களா?"

"அயலவர்களும் இருந்தார்கள்."

"அவர்களுடைய மொழி தெரியுமா?"

"நல்லாய்த் தெரியும். இப்போது மெத்ரோவில் எனக்குப் பின்னால் யாராவது சிங்களம் பேசினால் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவேன்."

அவர் மேல்தட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் நாற்பது வருஷமாக இறங்கிக்கொண்டிருக்கிறேன். பாரிஸில் நிலையங்கள் தீர்ந்துவிட்டன."

அறையில் அவருடைய மகள் மதாம் ஆனெட் காத்திருந்தார். போருக்குப் பிறகு, இரண்டாம் மணத்தில் பிறந்தவர். முதல் மனைவியும் பிள்ளைகளும் நாஜி முகாமுக்கு ரயிலில் அனுப்பப்பட்டவர்கள். அவர்களோடு போனவர்களில் திரும்பியவர் மிசியே சில்பர் மட்டும். இதை அவர் சொல்லவில்லை. மகள் தாதியிடம் சொன்னார், தகப்பன் காதில் விழாத தூரத்தில்.

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வந்தா. டொக்டர் வேபர், முப்பத்தெட்டு வயதிருக்கும், பிரெஞ்சுக்காரர் ஒருவரை மணம் முடித்தவ. பொய்ப்பல் உண்டா, முன்பு மயக்க மருந்து எடுத்திருக்கிறீர்களா என்று வழமையான கேள்விகளைக் கேட்டா. நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இரண்டாவது கேள்வியிலேயே கிழவரின் கழுத்து நரம்பு இழுபட்டது. அவவுடைய பிரெஞ்சில் ஜெர்மன் அடியில் கிடந்தது. மெத்ரோவில் நான் எழுந்து நிற்பேனே, அந்த அசைவு அவர் உடம்பில் வந்ததைக் கண்டேன். ஆனால் அவர் படுத்திருந்தார், இறங்க வழியில்லை.

"எந்த ஊர், டொக்டர்?"

"கொலோனுக்குப் பக்கத்தில்."

"எந்த வருஷம்?"

"நாற்பத்தெட்டு."

அவர் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். "முகத்தில் எதையாவது வைத்து மூடுவீர்களா?"

அவ கையிலிருந்த பேனாவை மூடி, சட்டைப் பையில் வைத்தா. "கையில் ஊசி போடுவேன். நீங்கள் தூங்கும்வரை முகத்தில் எதுவும் படாது. தூங்கியபிறகு வைக்கத்தான் வேண்டும். அதை இப்போதே சொல்கிறேன்."

"சரி" என்றார் மிசியே சில்பர்.

மகளுக்குச் சரியாயில்லை. நடைபாதைக்கு வந்து வேறு டொக்டர் வேண்டும் என்றார். மற்ற மயக்க மருந்து டொக்டர் தன் தாயின் மரணச்சடங்குக்குத் தெற்கே போயிருந்தார். நாளை இவ ஒருவதான். வெறும் வண்டியோடு நான் லிப்டுக்குக் காத்திருந்தேன். வெளியே வந்த டொக்டர் வேபரை மதாம் ஆனெட் மறித்துக் கேட்டது என் காதில் விழுந்தது.

"உங்கள் அப்பா போரில் என்ன செய்தார்?"

"ரயில்வேயில் இருந்தார்."

"எங்கே?"

"ஒருமுறை கேட்டேன். சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து போய்விட்டார். பிறகு நானும் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன்."

"என் அப்பாவும் கேட்டால் எழுந்து போவார்" என்றார் மதாம் ஆனெட். சொன்ன உடனே, கொடுக்கக் கூடாததைக் கொடுத்துவிட்டவர் போல முகம் மாறினார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அன்று சரஸ்வதி பூசைக் காலம். என்னோடு வேலை செய்த யோகனுக்கு அப்போது முப்பது வயது. மனைவியும் பிள்ளையும் ஊரில். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கும் கடதாசியில்தான் அவன் பாரிஸில் நின்றான். அவன் தகப்பனுக்குச் சுன்னாகத்தில் கடை இருந்தது. பூசையன்று தராசுக்கும் காசுப்பெட்டிக்கும் பொட்டு வைத்து, பெட்டியில் ஸ்வஸ்திகா போடுவது அந்த வீட்டு வழக்கம். இங்கே அவனுக்குத் தராசு இல்லை. வண்டிதான் தொழில் செய்யும் ஆயுதம். சத்திரசிகிச்சை நாள் காலையில் வந்ததும், கடுமையான நோயாளி என்று நான் சொன்ன ஞாபகத்தில், மிசியே சில்பருக்கென ஒதுக்கிய வண்டியின் பின்புறத் தகட்டில் குங்குமத்தைக் குழைத்துப் போட்டிருக்கிறான். அந்த அடையாளம் இந்த ஊரில் என்ன என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் வண்டியின் பின்புறத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கும் வழக்கம் அப்போது யாருக்கும் இல்லை.

இப்போது ஏழே முக்காலுக்கு வரலாம்.

டொக்டர் வேபர் படிக்கட்டால் ஏறி எங்களை நோக்கி வந்தா. மயக்க மருந்து டொக்டர்கள் மேலே வந்து நோயாளியைக் கூட்டிப்போவதில்லை. முதல்நாள் பேச்சுக்குப் பிறகு அவவாக வந்திருக்கவேண்டும். மதாம் ஆனெட்டின் முகத்தைப் பார்த்தா. அவர் கண் போன இடத்தைப் பார்த்தா. ஒரு கணம் யோசித்திருந்தால் வேறு மாதிரிச் செய்திருப்பா. யோசிக்கவில்லை. வெறும் உள்ளங்கையால் அந்தக் குறியை அழுத்தித் தேய்த்தா.

குங்குமம் போகவில்லை. பரவியது. வெள்ளைத் தகடு முழுக்கச் சிவப்பு, உள்ளங்கை முழுக்கச் சிவப்பு.

"துடைக்கிறாய்" என்றார் மதாம் ஆனெட். குரல் மூச்சளவுதான் வந்தது. தகப்பனின் குழாய் அவர் நினைவிலும் இருந்தது. "ஏன் துடைக்கிறாய்? யார் போட்டது?"

டொக்டர் அந்தக் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டா.   

"யார் பின்னால்?" என்றார் கிழவர். "ஆனெட்? என்ன அது?"

 தாடைகளையும் விளக்கையும் தவிர அவருக்கு எதுவும் தெரிந்திராது. போர்வைக்கு வெளியே இருந்த அவருடைய விரல்கள் வண்டியின் விளிம்பைப் பற்றின. கழுத்து நரம்பு மீண்டும் இழுபட்டது.

யோகன் பொத்தானை அழுத்தின கையோடு என்னைப் பார்த்தான். "என்ன அண்ணை? பிள்ளையாற்ற அடையாளத்தை ஏன் அழிக்கிறா? நானெல்லோ போட்டனான்."

 அவனுடைய மூன்று மாதக் கடதாசி என் கண்முன் வந்தது.

"பொலிசைக் கூப்பிடவேண்டும்" என்றார் மதாம் ஆனெட், அதே மூச்சளவில்.

மிசியே சவரி எங்கிருந்தோ வந்துவிட்டார். தகட்டைப் பார்த்தார். டொக்டரின் கையைப் பார்த்தார். இரண்டு அர்த்தமும் அவருக்குத் தெரியும். யோகனிடம், கேட்கவே முடியாத குரலில், தமிழில் சொன்னார்:

"தொப்பியக் கழட்டுடா."

யோகன் சத்திரசிகிச்சைத் தொப்பியைக் கழற்றினான். நெற்றியில் திருநீறும் நடுவே அதே சிவப்பில் ஒரு பொட்டும். சட்டைப் பையிலிருந்து குங்குமம் மடித்த கடதாசித் துண்டையும் எடுத்து நீட்டினான். மிசியே சவரி என்னைப் பார்த்து மோவாயால் நோயாளியைக் காட்டினார். சொல்லு என்பது அதன் பொருள்.

நான் கிழவரின் பார்வை படும் இடத்துக்குப் போய் நின்றேன். தெரிந்ததைச் சொல்லவேண்டும் என்ற விதி அதுவரை எனக்கு இவ்வளவு பயங்கரமாக இருந்ததில்லை. சொன்னால் குழாய் வெடிக்கலாம். சொல்லாவிட்டாலும் வெடிக்கலாம்.

"மிசியே, உங்கள் தலைக்குப் பின்னால் கம்பியில் ஒரு குறி இருந்தது. கொக்கிச் சிலுவை. எங்கள் ஊரில் அதைக் கடவுளுக்காகக் கதவிலும் காசுப்பெட்டியிலும் போடுவார்கள். இன்று எங்களுக்குத் தொழிற்கருவிகளுக்குப் பூசை. நீங்கள் நல்லபடி திரும்பி வரவேண்டும் என்று என் தோழன் அதைப் போட்டான். இங்கே அதற்கு என்ன பொருள் என்று அவனுக்குத் தெரியாது. டொக்டர் அதைக் கையால் துடைத்தா."

"உங்கள் கடவுளை எனக்குத் தெரியாது" என்றார் மதாம் ஆனெட். "அதைத்தான் எனக்குத் தெரியும்."

"ஓம், மதாம்" என்றேன். பயத்தில் தமிழ் வந்துவிட்டது.

லிப்ட் வந்தது. கதவு திறந்தது. யாரும் ஏறாததால் மூடிக்கொண்டது.

"டொக்டர்" என்றார் கிழவர். "கையைக் காட்டுங்கள்."

அவ அவருக்கு முன்னால் வந்து கையை விரித்தா. அவர் நெடுநேரம் பார்த்தார். தையற்காரர்கள் துணியில் பிழையைத் தேடுவது போன்ற பார்வை.

"ஆனெட், உன் கைக்குட்டையைக் கொடு அவருக்கு. அந்தக் கையோடு என்னைத் தொடக்கூடாது."

மகள் அசையவில்லை.

"ஆனெட். எனக்கு நோகிறது."

மதாம் ஆனெட் கைப்பையைத் திறந்தார். கைக்குட்டையை எடுத்து டொக்டரின் கையில் கொடுக்காமல், தகப்பனின் போர்வைமேல் வைத்தார். டொக்டர் அதை அங்கிருந்து எடுத்துத் துடைத்தா. சிவப்புப் போய், மஞ்சள் கலந்த கறை மிஞ்சியது.

கிழவர் மேலும் இரண்டு காரியம் கேட்டார். மயங்கும்வரை டொக்டர் பேசிக்கொண்டே இருக்கவேண்டும், பிரெஞ்சில். நான் அவருக்குத் தெரியும்படி நிற்கவேண்டும். இரண்டாவதாகக் கேட்டது மருத்துவமனை விதிமுறைக்கு மாறானது. டொக்டர் வேபர் மிசியே சவரியைப் பார்த்தா, அவர் தலையசைத்தார். எனக்குப் பச்சை உடுப்பு மாட்டினார்கள்.

உள்ளே மேசையின் கால்மாட்டில் நின்றேன். டொக்டர் கையை இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினா. ஊசி ஏற்றும்போது கொலோன் பக்கத்து மழையைப் பற்றி, தன் பிள்ளை சைக்கிளில் விழுந்ததைப் பற்றிப் பேசினா.  ஒட்சிசன் முகமூடியை அவர் முகத்தில் படாமல் ஒரு கை தூரத்தில் பிடித்திருந்தா. மிசியே சில்பர் என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். இமை விழுந்தது. அவ பேச்சை நிறுத்தாமல், இன்னும் இரண்டு வசனம் பேசிவிட்டு, முகமூடியைக் கீழே இறக்கினா. அந்த நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது மிசியே சவரி மேலங்கியைக் கழற்றிவிட்டுத் தகட்டை வெளுக்கும் ஜாவல் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். யோகன் படிக்கட்டில் இருந்தான்.

"அண்ணை, அந்தாள் செத்தால் என்னைப் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்களோ?"

"தெரியாது" என்றேன். பொய் கூடாது என்ற விதி நோயாளிகளுக்கு மட்டுமானதல்ல.

எதிர்ப்பக்க வாங்குப் பலகையில் மதாம் ஆனெட் இருந்தார். யோகனின் நெற்றியைப் பார்ப்பதும் பார்வையை விலக்குவதுமாக இருந்தார். அவன் தொப்பியை மறுபடி மாட்டப்போனான். வேண்டாம் என்று கையால் காட்டினார். பகல் முழுவதும் அவர்கள் இருவரும் அப்படியே எதிரெதிரே இருந்தார்கள். 

மிசியே சில்பர் பிழைத்தார். பொலிஸ் வரவில்லை. யோகனுக்கு அடுத்த வசந்தத்தில் அகதி அந்தஸ்துக் கிடைத்தது. கிழவர் தன் கடையில் அவனுக்கு ஒரு காற்சட்டையை நீளம் குறைத்துக் கொடுத்தார். டொக்டர் வேபர் கைக்குட்டையைத் தோய்த்து, ஸ்திரிக்கை போட்டு, தாதியிடம் கொடுத்து வைத்திருந்தா. வாங்கிப்போக யாரும் வரவில்லை.

எண்பத்தொன்பதில் மதாம் ஆனெட்டுக்குப் பித்தப்பையில் கல். எங்கள் மருத்துவமனைக்குத்தான் வந்தார். மயக்க மருந்துக்கு டொக்டர் வேபர் அல்லாத ஒருவர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். வண்டி தள்ள யோகன் வரவேண்டும் என்றும் கேட்டிருந்தார். இரண்டும் அப்படியே நடந்தன.